மாணவர் கையில் சொந்த டம்ளர்: நமக்கு லாபமா, நஷ்டமா?

கல்லூரி வாசலிலும் விடுதி அருகிலும் கடை வைத்திருக்கும் வணிக அன்பர்கள் ஒரு மாற்றத்தைக் கவனித்திருக்கலாம். காகிதக் கப்பில் காபி வாங்கிக் குடித்துவிட்டுக் கசக்கி எறிந்த மாணவர்களில் சிலர், இப்போது பையிலிருந்து எவர்சில்வர் டம்ளரையோ மூடி போட்ட குவளையையோ எடுத்து நீட்டுகிறார்கள். "கூட்ட நேரத்தில் இது என்ன தொந்தரவு" என்று டீக்கடைக்காரருக்குத் தோன்றும். "நம் கப் வியாபாரம் படுத்துவிடுமே" என்று மளிகைக் கடைக்காரர் கவலைப்படுவார். இரண்டையும் கணக்கோடு பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் டீ கப், பிளாஸ்டிக் டம்ளர், தெர்மோகோல் கப் ஆகியவற்றோடு பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. "காகிதம்தானே, இதற்கு என்ன தடை" என்று நம்மில் பலர் இன்றும் நினைக்கிறோம். காகிதக் கப் உற்பத்தியாளர்கள் இந்தத் தடையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றார்கள். 2023 அக்டோபரில், காகிதக் கப்புக்கு விதித்த தடை செல்லும் என்று தீர்ப்பாயிற்று. ஆகவே வெளி மாநிலச் சரக்கு மலிவாகக் கிடைக்கிறதே என்று மூட்டை மூட்டையாக இறக்கினால், பறிமுதலாகும்போது முடங்குவது நம் முதல்தான்.

காகிதக் கப்பில் பிளாஸ்டிக் எங்கே?

காகிதம் சூடான காபியைத் தாங்காது, ஊறிவிடும். அதற்காகவே கப்பின் உட்புறம் பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக்கை மெல்லிய ஏடாகப் பூசுகிறார்கள். ஒரு கப்பைத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்துக் கிழித்துப் பாருங்கள், அந்த ஏடு தனியே உரிந்து வரும். இப்படி இரண்டும் ஒட்டிக் கிடப்பதால்தான் பழைய பேப்பர் கடையில் இதை எடுத்துக்கொள்வதில்லை.

காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 85 முதல் 90 டிகிரி செல்சியஸ் சூடுள்ள 100 மில்லி நீரைக் காகிதக் கப்பில் 15 நிமிடம் வைத்தபோது, சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் அந்த நீரில் கலந்தன. மாணவர்கள் டம்ளருக்கு மாறுவதற்குச் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று.

கப் பிறந்த கதை

எறியும் கப் வந்ததே சுகாதாரத்துக்காகத்தான். அமெரிக்காவில் அந்நாளில் பள்ளிக்கூடங்களிலும் ரயில்களிலும் எல்லோரும் ஒரே தகரக் குவளையில் தண்ணீர் குடித்தார்கள். அதனால் நோய் பரவியது. 1907-இல் பாஸ்டன் நகரில் லாரன்ஸ் லூலன் என்பவர் காகிதக் கப்பை உருவாக்கினார். 1909-இல் கான்சாஸ் மாநிலம் பொதுக் குவளையைத் தடை செய்தது. அதன்பின் காகிதக் கப் பரவியது. அவரவர் குவளையை அவரவர் கழுவி வைத்துக்கொண்டால் அந்தச் சுகாதார நோக்கம் குப்பையில்லாமலே நிறைவேறிவிடும்.

எத்தனை முறை பயன்படுத்தினால் நன்மை?

எவர்சில்வரும் கண்ணாடியும் செய்ய அதிக எரிபொருள் செலவாகும், கழுவவும் தண்ணீர் வேண்டும், ஆகவே கப்பே மேல் என்று சிலர் வாதிடுவார்கள். இந்த வாதத்தில் பாதி உண்மை உண்டு. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் ஹாக்கிங் 1994-இல் எரிசக்தி அளவில் கணக்கிட்டார். காகிதக் கப்போடு ஒப்பிட்டால் கண்ணாடிக் குவளையை 15 முறையும், பீங்கான் குவளையை 39 முறையும் பயன்படுத்தினால் செலவு சமமாகும் என்று கண்டார். அதற்குமேல் ஒவ்வொரு முறையும் மிச்சமே. நாளுக்கு இரண்டு காபி குடிக்கும் மாணவர் மூன்று வாரத்தில் இந்தக் கணக்கைத் தாண்டிவிடுவார். நாலு குவளை வாங்கி அலமாரியில் அடுக்கி வைப்பவருக்கு இந்த மிச்சம் கிடையாது.

தள்ளுபடியா, தனி விலையா?

வியாபாரிகளான நாம் கவனிக்க வேண்டிய செய்தி இதுதான். இங்கிலாந்தில் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல், பல்கலைக்கழகங்களிலும் அலுவலகங்களிலுமாக 12 இடங்களில் சோதித்தார்கள். சொந்தக் குவளை கொண்டுவந்தால் தள்ளுபடி என்று சொன்னதில் பெரிய பலன் இல்லை. எறியும் கப்புக்குத் தனியே காசு என்று சொன்னபோது பலன் கிடைத்தது. வராத லாபத்தைவிடக் கையை விட்டுப் போகும் காசுதான் மனிதரை உறுத்தும் என்பது நமக்குத் தெரியாததா?

நம் ஊர்க் கணக்காக ஒன்று போடுவோம். சட்டம் அனுமதிக்கும் கரும்புச் சக்கைக் கப் ஒன்று 2 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 200 கப் போனால் 400 ரூபாய், மாதம் 25 நாளுக்கு 10,000 ரூபாய். நாலில் ஒருவர் சொந்த டம்ளர் நீட்டினாலே 2,500 ரூபாய் மிச்சம். விலைப் பலகையில் காபிக்கு ஒரு விலை, கப்புக்கு 2 ரூபாய் எனத் தனித்தனியே எழுதினால் மிச்சம் இன்னும் கூடும்.

ஜெர்மனியின் கல்லூரி நகரமான ஃபிரைபர்க்கில் 2016-இல் வேறு வழி கண்டார்கள். ஒரு யூரோ முன்பணம் கட்டிக் குவளையில் காபி வாங்க முடிந்தது, திட்டத்தில் சேர்ந்த எந்தக் கடையில் குவளையைத் திருப்பிக் கொடுத்தாலும் முன்பணம் திரும்பக் கிடைத்தது. சோடா பாட்டிலுக்கு முன்பணம் வாங்கிக் காலி பாட்டில் கணக்கு எழுதிய நமக்கு இது புதிதல்ல. ஒரு தெருவில் நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்தால் இங்கும் நடத்தலாம்.

கடையில் செய்யக்கூடியவை

1. மாணவர் டம்ளர் பெரிதோ சிறிதோ, கடையின் அளவுக் குவளையில் அளந்தே ஊற்றுங்கள். தகராறு வராது.

2. ஊற்றும் பாத்திரம் வாடிக்கையாளர் டம்ளரில் படக்கூடாது. அழுக்கு டம்ளர் வந்தால் முகம் சுளிக்காமல் வெந்நீர் காட்டிக் கொடுங்கள்.

3. கடையிலேயே நின்று குடிப்பவருக்குக் கண்ணாடி அல்லது எவர்சில்வர் டம்ளர் கொடுங்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளராக இருக்கட்டும். ஆளைப் பார்த்துக் குவளையை மாற்றிய பழைய அவமானத்துக்கு எறியும் கப் ஒரு மறைப்பாகிவிடக் கூடாது.

4. மளிகைக் கடையில் கப் அடுக்கிய இடத்தில் கல்லூரி திறக்கும் மாதங்களில் எவர்சில்வர் டம்ளர், மூடியுள்ள குவளை, பாட்டில் கழுவும் பிரஷ் ஆகியவற்றை வையுங்கள். ஒற்றைச் சுவர் டம்ளர் கையைச் சுடும் என்பதை வாங்குபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கப்பில் பைசாக் கணக்கில் கிடைத்த லாபம் இதில் ரூபாய்க் கணக்கில் கிடைக்கும்.

5. "மக்கும்" என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி மக்கும் பிளாஸ்டிக் சரக்கு எடுக்காதீர்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்கிப் பில்லோடு வைத்திருங்கள்.

டவராவும் டம்ளரும் நமக்குப் பரம்பரைச் சரக்கு. நடுவில் சில காலம் அவற்றை ஓரம் கட்டினோம். இப்போது இளைஞர்களே அதைக் கேட்டு வரும்போது, இருக்கும் சரக்கில் தடையுள்ளது எது, இல்லாதது எது என்று இந்த வாரமே பிரித்துப் பார்த்து, அடுத்த கொள்முதலை மாற்றிக்கொள்வதே நம் முதலுக்குப் பாதுகாப்பு.