எண்ணும் பிள்ளையும்

பழவேற்காட்டு ஏரிக்கரை ஊர்களில் 'பாடு' என்னும் முறை உண்டு. எவர் எந்நாளில் எவ்விடத்தில் வலையிடுவது என்பதை முறைவைத்து வகுக்கும் பழைய ஏற்பாடு அது. தந்தையின் முறை என்று வரும் என விரல்விட்டுக் கணக்கிடும் சிறுவன் பள்ளித் தேர்வில் தடுமாறினால், 'மந்த புத்தி' என்று பெயர் சூட்டிவிடுகிறோம். இது நீதியா?

மனத்தை முழக்கோலால் அளக்க இயலாது. ஆகவே உளவியலார் ஒப்பீட்டை நாடுகின்றனர். ஒரே வயதுப் பிள்ளைகள் பலருக்கு ஒரே வினாக்களைக் கொடுத்து, கிடைக்கும் சராசரியை 100 எனக் கொள்கின்றனர். ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் 85க்கும் 115க்கும் இடையே அமைவர். எனவே, எக்கூட்டத்தோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தே எண்ணின் பொருள் அமைகிறது. நகரத்துப் பிள்ளைகளைக் கொண்டு வகுத்த அளவுகோல் கடலோரப் பிள்ளைக்குப் பொருந்தாமற் போகலாம்.

1905-இல் பாரிசில் ஆல்பிரட் பினே தம் சோதனையை வகுத்தது, தனி உதவி வேண்டிய பிள்ளைகளைக் கண்டறியவே, ஒதுக்குவதற்கன்று. நம் நாட்டில் சி. எம். பாட்டியா, எழுத்தறியாச் சிறுவருக்கும் ஏற்ற சோதனையை 1955-இல் வெளியிட்டார். வண்ணக் கட்டைகளை அடுக்குதல், உருவம் வரைதல், படத்துண்டுகளைப் பொருத்துதல் முதலிய ஐந்து பகுதிகள் அதில் உண்டு. எழுத்தறிந்தோர்க்கும் அறியாதோர்க்கும் அவர் தனித்தனி அளவுகளை வகுத்தார்.

அன்புப் பெற்றோரே, பிள்ளை பின்தங்கினால் முதலில் கண்ணையும் செவியையும் சோதிக்கச் செய்வோம். பின்னர் உளவியலாரை அணுகுவோம். தமிழும் தெலுங்கும் வழங்கும் இக்கரையில், 'எண் எத்தனை?' என்பதோடு, 'எம்மொழியில் கேட்டீர்கள்? எவரோடு ஒப்பிட்டீர்கள்?' என்றும் வினவுவோம். அந்த எண் உதவிக்கு வழிகாட்டட்டும். பிள்ளைமீது தீர்ப்பாக வேண்டாம்.