பிசினுக்குப் புத்துயிர்

ஜன்னல் கண்ணாடியைக் குழாய்த் தண்ணீரால் கழுவித் துடைக்காமல் விட்டுப் பாருங்கள். உலர்ந்ததும் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். தண்ணீர் ஆவியாகிப் போக, அதில் கரைந்திருந்த சுண்ணாம்பும் பிற உப்புகளும் கண்ணாடியிலேயே தங்கிவிடுகின்றன.

பிரிட்டனில் ஜன்னல் கழுவும் தொழிலாளர் பலர் இப்போது ஏணி ஏறுவதில்லை. உயரத்தில் வேலை செய்வதை இயன்றவரை தவிர்க்கவேண்டும் என்று 2005-ல் அங்கே விதி வந்தது. நீண்ட குழாய்க் கம்பின் முனையில் பிரஷைப் பொருத்தி, தரையில் நின்றபடியே மாடி ஜன்னலைத் தேய்த்து அலசுகிறார்கள். துணி கொண்டு துடைப்பதில்லை. ஆகவே, அந்தத் தண்ணீரில் உப்பு அறவே இருக்கக்கூடாது.

உப்பை நீக்குவது அயனிப் பரிமாற்றப் பிசின். நம் ரசாயனக் கூடங்களிலும் இது பயன்படுகிறது. பிசின் என்றதும் வேப்பம்பிசினை நினைக்கவேண்டாம். இவை பாலிஸ்டைரீனால் ஆன சிறு மணிகள். ஒருவகை மணி கால்சியம், சோடியம் போன்றவற்றைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜன் அயனியை விடும். மற்றொன்று குளோரைடு, சல்பேட் ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டு ஹைட்ராக்சிலை விடும். விடப்பட்ட இரண்டும் கூடினால் தண்ணீர்! பண்டமாற்று என்பது இதற்கு மிகப் பொருந்தும்.

கொடுக்கச் சரக்குத் தீர்ந்ததும் பிசின் ஓய்ந்துவிடுகிறது. ஆனால் அது செத்துவிடவில்லை. பண்டமாற்றைத் திருப்பி நடத்தினால் போதும். "சமையல் உப்பைக் கரைத்து ஊற்றினால் ஆகாதா?" என்று கேட்கலாம். கடின நீரை மென்னீராக்கும் கருவிக்கு அது சரி. அங்கே கால்சியத்துக்குப் பதில் சோடியம் வந்து சேருகிறது. உப்பு போவதில்லை, புள்ளியும் போவதில்லை. நமக்கு வேண்டியது ஹைட்ரஜனும் ஹைட்ராக்சிலும். அவற்றைத் தரவல்லவை அமிலமும் காரமுமே.

முதல் தொல்லை, கலந்து கிடக்கும் இருவகை மணிகளையும் பிரிப்பது. கீழிருந்து மேலாகத் தண்ணீரைச் செலுத்தினால் கனம் குறைந்த ஹைட்ராக்சில் மணிகள் மேலே எழும். மற்றவை அடியில் தங்கும். அடிமணிகளுக்கு ஏறத்தாழ 100-க்கு 5 பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொடுக்கவேண்டும். கந்தக அமிலம் மலிவுதான். ஆனால் பதம் தவறினால் கால்சியத்தோடு சேர்ந்து ஜிப்சமாகி மணிகளை அடைத்துவிடும். மேல்மணிகளுக்கு 100-க்கு 4 பங்கு காஸ்டிக் சோடா. அதைக் கரைக்கவும் உப்பற்ற நீரே வேண்டும். பிசினுக்குக் கால்சியத்தின்மேல் பற்று அதிகமாதலால், ஹைட்ரஜனைக் கூட்டங்கூட்டமாக அனுப்பித்தான் அதை விரட்டமுடியும். கணக்குக்குமேல் அமிலம் செலவாகும். பிறகு நன்றாக அலசி, காற்றூதி மறுபடி கலக்கவேண்டும்.

பிரிப்பதில் பிசகினால், காரத்தில் அகப்பட்ட அடிமணிகள் சோடியத்தை ஏந்திக்கொள்ளும். அதைப் பின்னால் தண்ணீரில் கசியவிடும். இது பொருள் நஷ்டம் மட்டுமே. காஸ்டிக் சோடா ஒரு துளி கண்ணில் தெறித்தாலோ பார்வையே போகலாம். கழிவு நீரையும் அமிலமும் காரமும் சமன்படுத்திய பிறகே வெளியேற்றவேண்டும். கண்ணாடியும் கையுறையும் அணிந்து ஆலையில் செய்யவேண்டிய வேலை இது. ஒரு வண்டியும் ஒரு கம்பும் வைத்துப் பிழைப்பவர் வீட்டுக் கொல்லையில் வாளி வைத்துச் செய்து மிச்சம் பிடிக்கலாம் என்பது என் மனத்துக்கு ஒப்பவில்லை.

அவருக்கு நல்ல வழி, பிசினுக்கு வரும் சுமையைக் குறைப்பதே. முதலில் எதிர்ச் சவ்வூடுபரவல் சவ்வின் வழியே அழுத்தித் தண்ணீரைச் செலுத்தினால், உப்பில் 100-க்கு 95 பங்கு அங்கேயே நின்றுவிடும். லிட்டருக்கு 300 மில்லிகிராம் இருந்தது 15 ஆகிறது. கரியமில வாயு மட்டும் சவ்வுக்குத் தப்பிவந்து ஹைட்ராக்சில் மணிகளைக் கொஞ்சம் தின்னும். அப்படியும் ஒரே பிசின் முன்னைக் காட்டிலும் பல மடங்கு காலம் உழைக்கும்.