தையல்கடைக்குத் தெரிந்தது மருத்துவருக்கும் தெரியட்டும்

ஒரு பெண்ணின் மார்பகங்கள் இரண்டும் ஒரே அளவில் இல்லை என்பது விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் முதலில் தெரியவருவது பெரும்பாலும் ரவிக்கை தைக்கும் அக்காவுக்குத்தான். "ஒரு பக்கம் மட்டும் பேடு வச்சுத் தைக்கிறேன், வெளியே தெரியாது" என்பார். பேச்சு அதோடு நின்றுவிடும். அம்மாவிடம் சொல்ல மகளுக்குக் கூச்சம். தெரிந்துகொண்ட அம்மாவுக்கோ கல்யாணப் பேச்சு வரும்வரை யார் காதுக்கும் போகக் கூடாதே என்ற பயம். இந்த மௌனத்துக்குள்தான் செல்போனில் வரும் களிம்பும் மூலிகை எண்ணெயும் விலை போகின்றன.

அந்தப் பெண்கள் முதலில் அறிய வேண்டியது, இரண்டு மார்பகங்களும் அச்சில் வார்த்ததுபோல் அமைந்த பெண்கள் அரிது என்பதுதான். சிறிய வித்தியாசம் பெரும்பாலோருக்கு உண்டு. மார்பகம் அரும்பத் தொடங்குவது 8 வயதிலிருந்து 13 வயதுக்குள். ஒரு பக்கம் சில மாதம் முன்னதாகவே அரும்புவதும் இயல்பு. பூப்படைந்த பிறகும் சில ஆண்டுகள் இந்த ஏற்ற இறக்கம் இருந்து, பெரும்பாலோருக்குத் தானாகக் குறைந்துவிடும். பார்த்தவுடன் தெரியும் அளவுக்கு வித்தியாசம் நிலைத்துவிடுகிறவர்களுக்குத்தான் மருத்துவ ஆலோசனை தேவை.

ஏன் இப்படி ஆகிறது என்றால், பலருக்குக் காரணமே இருக்காது. சிலருக்கு நார்த்திசுக் கட்டி ஒன்று வளர்ந்து ஒரு பக்கத்தைப் பெரிதாக்கியிருக்கும். சிலருக்கு முதுகுத்தண்டு வளைந்திருப்பதால் மார்புக்கூடு திரும்பி, ஒரு பக்கம் எடுப்பாகத் தெரியும். பிறவியிலேயே ஒரு பக்க மார்புத் தசை இல்லாமல் பிறக்கும் அரிய நிலை ஒன்றும் உண்டு. 1841-ல் லண்டனில் ஆல்ஃபிரட் போலந்து விவரித்ததால் அது போலந்து குறைபாடு எனப்படுகிறது. அந்தப் பக்கக் கைவிரல்களும் குட்டையாகவோ ஒட்டியோ இருக்கலாம்.

தடுக்கக்கூடிய காரணங்களும் இருக்கின்றன. இவற்றைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தாயின் ஹார்மோன் கலந்திருப்பதால் பிறந்த சில நாளில் குழந்தையின் மார்பு வீங்கி, துளி பால்கூட வரலாம். ஆண் குழந்தைக்கும் வரும். அதைப் பிழிந்துவிட வேண்டும் என்று குளிப்பாட்டும் பாட்டிமார் இன்றும் பிழிகிறார்கள். அப்படிப் பிழிந்து, கிருமி ஏறி, சீழ் பிடித்து, கீறிவிடும் நிலை வந்தால், பின்னாளில் மார்பகமாக வேண்டிய மொட்டே சேதமாகிவிடும். தொடாமல் விட்டால் சில வாரங்களில் தானே வற்றிவிடும். இதேபோல எட்டு, ஒன்பது வயதுப் பெண் குழந்தைக்குக் காம்புக்கு அடியில் சுண்டைக்காய் அளவில் ஒன்று தட்டுப்படும். கட்டி என்று பயந்து அதை வெட்டி எடுத்தால், எடுத்தது அந்தக் குழந்தையின் மார்பகமாகவே இருக்கும். சிறுவயதில் கொதிநீரோ தீயோ பட்ட மார்புக்காயமும், இறுகிய தழும்பாக மாறி வளர்ச்சியை அமுக்கும். இத்தகைய தழும்புள்ள பெண் குழந்தையைப் பூப்பெய்தும் வயதுக்கு முன்பே ஒட்டுறுப்பு அறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவரிடம் காட்டி வைப்பது நல்லது.

இதுவரை ஒரே மாதிரி இருந்த மார்பகம் இருபத்தைந்து, முப்பது, நாற்பது வயதில் திடீரென அளவு மாறினால் கதை வேறு. கட்டி, தோலில் குழி, ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரப்பு, காம்பு உள்வாங்குதல், ரத்தம் கசிதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அழகைப் பற்றிய கேள்வியை ஒதுக்கிவிட்டு, புற்றுநோய் இல்லை என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். 30 வயதைக் கடந்தவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மார்பகப் பரிசோதனை உண்டு.

களிம்பு, மசாஜ், மாத்திரை எதுவும் ஒரு பக்கத்தை மட்டும் வளர்க்காது. பெண்ணின் மார்பக வடிவத்தை மாற்றுவதாக மருந்தை விளம்பரம் செய்வதே குற்றம். 1954-ஆம் ஆண்டின் மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலில் இது வெளிப்படையாகவே இருக்கிறது. முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறை. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் செய்யலாம்.

அறுவை சிகிச்சைக்கு அவசரம் கூடாது. வளர்ச்சி நின்று, அளவு ஓராண்டாவது மாறாமல் இருக்க வேண்டும். பெரும்பாலும் 18 வயதுக்குப் பிறகுதான். அதுவரை உள்ளாடைக்குள் வைக்கும் சிலிக்கான் பேடு, பொருத்தமான தையல் போதும். ஆனாலும் "வயசானா சரியாயிடும்" என்று அந்தப் பெண்ணின் வாயை அடைக்காதீர்கள். இளம்பெண்களிடம் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை நடத்தி 2014-ல் வெளியிட்ட ஆய்வு, இந்த வித்தியாசம் அவர்களின் தன்மதிப்பையும் மனநிலையையும் பாதிக்கிறது என்று கண்டது.

எந்த அறுவை என்பது எது குறை என்பதைப் பொறுத்தது. பெரிய பக்கத்தைக் குறைக்கலாம். தொங்கிய பக்கத்தைத் தூக்கித் தைக்கலாம். வயிறு, தொடையிலிருந்து கொழுப்பை உறிஞ்சிச் சிறிய பக்கத்தில் செலுத்தலாம். அதில் ஒரு பகுதியை உடல் கரைத்துவிடும் என்பதால் இரண்டு, மூன்று முறை செய்ய நேரலாம். சிலிக்கான் பை வைக்கலாம். தசையே இல்லாதவர்களுக்கு முதுகுத் தசையைத் திருப்பிக் கொண்டுவந்து வைப்பதுண்டு. எதைச் செய்தாலும் தழும்பு இருக்கும். நம்மவர் தோலில் அது தடித்துப் பெருக்கவும் கூடும். காம்பில் உணர்ச்சி குறையலாம். குறைப்பு அறுவைக்குப் பின் தாய்ப்பால் போதாமல் போகலாம். குழந்தை பெற நினைப்பவர் இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிலிக்கான் பை ஆயுள் முழுக்க வரும் பொருள் இல்லை. அதைச் சுற்றி உடல் கட்டும் உறை இறுகலாம், பை கிழியலாம், மாற்ற வேண்டி வரலாம். பிரான்சில் பி.ஐ.பி. நிறுவனம் மருத்துவத் தரமற்ற, தொழிற்சாலைச் சிலிக்கானை நிரப்பி விற்றது 2010-ல் அம்பலமாகி, அதன் நிறுவனர் சிறைத் தண்டனை பெற்றார். சொரசொரப்பான மேற்பரப்புள்ள பைகளோடு அரிய நிணநீர்ப் புற்றுநோய் தொடர்புபட்டதால், 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் தன் சொரசொரப்புப் பைகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. ஆகவே உங்கள் உடலுக்குள் வைக்கப்படும் பையின் நிறுவனம், மாடல், வரிசை எண் அச்சிட்ட ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

எங்கே போவது? விழுப்புரத்துக்காரர்களுக்கு முதல் படி முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி. 2010-லிருந்து இயங்குகிறது. அங்கே பொது அறுவை சிகிச்சைப் புறநோயாளிப் பிரிவில் காட்டி, ஸ்கேன் பார்த்து, பரிந்துரைக் கடிதம் வாங்கலாம். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் கோரிமேட்டிலேயே ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சைத் துறை 1970-களிலிருந்தே பெயர் பெற்றது. 2018 பிப்ரவரியில் அங்கே மார்பக அழகியல் அறுவையும் ஏழைகளுக்கு இலவசம் என்று தமிழக அரசு அறிவித்தபோது நாடெங்கும் விவாதம் எழுந்தது. உயிர்காக்கச் செலவிட வேண்டிய பணத்தை இதில் போடுவதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் என் மனம் ஸ்டான்லி பக்கமே சாய்கிறது. காசுள்ளவருக்கு உடல் குறையைச் சரிசெய்யும் வழி இருக்கும்போது, இல்லாதவர் கந்துவட்டிக்கு வாங்கி லாட்ஜ் அறையில் நடக்கும் போலி கிளினிக்குக்குப் போவதை அரசு பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

பணத்தைத் தீர்மானிப்பது மருத்துவர் எழுதும் கடிதம். அழகுக்கான அறுவை என்று எழுதினால் தனியார் காப்பீடு கைவிரித்துவிடும். விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பு என்றால் அந்த விலக்கு பொருந்தாது. பிறவிக் குறைபாடு, வளர்ச்சிக் குறைபாடு, காயம் ஆகியவற்றால் சிதைந்த உடலமைப்பைச் சீராக்கும் அறுவைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பில்லில் வரி போட்டிருந்தால் கேளுங்கள். காரணம் உண்மையாக எதுவோ அதைத் தெளிவாக எழுதித் தரச் சொல்வது உங்கள் உரிமை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு போய், தங்கள் சிகிச்சை அதில் அடங்குமா என்று மருத்துவமனை கவுன்டரிலேயே கேட்கலாம். 1800 425 3993 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது உடன் ஒரு பெண் இருக்க வேண்டும் என்பது நோயாளி உரிமைச் சாசனத்திலேயே உள்ளது. அறுவை செய்பவர் எம்.சி.எச். அல்லது அதற்கு இணையான ஒட்டுறுப்பு அறுவைப் பட்டம் பெற்றவரா, மருத்துவ கவுன்சிலில் பதிந்தவரா, அந்த கிளினிக் பதிவு பெற்றதா என்று பாருங்கள். சம்மதக் கையெழுத்தை 18 வயது நிரம்பிய பெண்தான் போட வேண்டும். மயக்கத்தில் இருந்த மகளுக்காகத் தாயிடம் கையெழுத்து வாங்கிக் கருப்பையை அகற்றிய சமீரா கோலி வழக்கில், அந்தச் சம்மதம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் தீர்ப்பளித்தது. கணவர் கையெழுத்தும் சட்டத்தேவை இல்லை.

ஏதேனும் தவறினால் முதலில் எழுத்துமூலம் சிகிச்சைப் பதிவேடுகளைக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். பதிவில்லாத கிளினிக் என்றால் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடமும், மருத்துவரின் நடத்தை என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலிலும் புகார் தரலாம். பணம் கட்டிச் செய்த சிகிச்சைக்கு விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைக்கு உச்ச நீதிமன்றத்தின் 1995-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி நுகர்வோர் சட்டம் பொருந்தாது. அங்கே நேர்ந்த குறையை மருத்துவக் கல்லூரி முதல்வரிடம் எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.