ஊழியமும் சமூகப்பணியும் ஒரே ஆளுக்கு ஒத்துவருமா? செங்கல்பட்டு அனுபவம் சொல்வது என்ன?

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஊழியம். திங்கள் முதல் வெள்ளி வரை என்.ஜி.ஓ. வேலை. எம்.எஸ்.டபிள்யூ. முடித்த கிறிஸ்தவ இளைஞர்கள் பலருக்கு இது பழக்கமான வாரம்தான். வீட்டில் "ஊழியமா, வேலையா? ஒண்ணை முடிவு பண்ணு" என்பார்கள். வெளியில் கேட்பது வேறு: "உதவி பண்றீங்களா, மதம் மாத்துறீங்களா?" இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் தெளிவான பதில் வேண்டும். செங்கல்பட்டு 130 ஆண்டுகளாக அதைச் சந்தித்து வருகிறது.

எங்கே ஆரம்பித்தது?

நிலத்தில். 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர், மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலமற்ற, அடிமைப்பட்ட வாழ்க்கையைப் பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அதே காலத்தில் ஸ்காட்லாந்து மிஷன் பாதிரியார் ஆடம் ஆண்ட்ரூவும் அந்த மக்களுக்கு நிலம் கேட்டு அரசை வலியுறுத்தினார். 1892-ல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. இன்று நாம் 'பஞ்சமி நிலம்' என்று சொல்வது இதைத்தான். பட்டியலினத்தவர் அல்லாதவருக்கு இந்த நிலத்தை விற்க முடியாது.

ஆனால் மிஷன்களுக்குச் சபை வளர வேண்டும் என்ற நோக்கமும் இருந்தது. 'சோற்றுக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள்' என்ற ஏச்சு அன்றே கிளம்பிவிட்டது.

காரணையில் என்ன நடந்தது?

நூறு ஆண்டுகளில் பஞ்சமி நிலம் பல ஊர்களில் கை மாறிப்போனது. மாமல்லபுரம் அருகே உள்ள காரணையில் அதை மீட்கக் கிளம்பியது போராட்டம். 1994 அக்டோபர் 10-ல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் உயிரிழந்தார்கள்: ஜான் தாமஸ், ஏழுமலை. ஒன்று கிறிஸ்தவப் பெயர், இன்னொன்று இந்துப் பெயர். பறிபோன நிலம் இருவருக்கும் ஒன்றுதான்.

செங்கல்பட்டில் இயங்கிய இயேசு சபைப் பாதிரியார் யேசுமரியான் வழக்கறிஞரும்கூட. தலித் மக்களின் நில உரிமைக்காகவும் வன்கொடுமைக்கு எதிராகவும் வேலை செய்தவர். ஊழியமும் தொழிலும் ஒரே ஆளிடம் சேர முடியும் என்பதற்கு உள்ளூர் உதாரணம் இது.

அப்போ சிக்கல் எங்கே?

உங்களிடம் உதவிக்கு வருபவர் ஒருநாள் "எனக்கு ஞானஸ்நானம் வேணும்" என்று கேட்டால்? ஊழியராக உங்களுக்குச் சந்தோஷம். சமூகப்பணியாளராக ஒரு விஷயத்தை முதலில் சொல்லியாக வேண்டும். 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதி அந்தஸ்து இந்துக்களுக்கு மட்டுமே. 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போவார்கள். அதாவது பிள்ளைகளின் எஸ்.சி. இடஒதுக்கீடு கைவிட்டுப் போகும். இதை மறைத்துவிட்டு ஞானஸ்நானம் கொடுத்தால், நம்பி வந்தவருக்குச் செய்யும் துரோகம் அது.

விதிகள் என்ன சொல்கின்றன?

அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. ஆனால் இன்னொருவரை மதம் மாற்றுவது அந்த உரிமைக்குள் வராது என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் 2002-ல் வந்தது, 2004-ல் திரும்பப் பெறப்பட்டது. சட்டம் போனாலும் சந்தேகம் போகவில்லை.

தொழில் நெறி இன்னும் கறாரானது. பேரிடர் உதவியை எந்த மதக் கருத்தையும் வளர்க்கப் பயன்படுத்தக் கூடாது என்கிறது செஞ்சிலுவை இயக்கத்தின் 1994 நடத்தை நெறி. அதைச் சேர்ந்து உருவாக்கியவர்களில் காரித்தாஸும் உலகத் திருச்சபைகள் மன்றமும் உண்டு. அதாவது திருச்சபைகளே தங்களுக்குப் போட்டுக்கொண்ட கோடு இது. 2004 சுனாமிக்குப் பிறகு அந்தக் கோட்டுக்குப் பரீட்சை வந்த இடங்களில் நம் கடற்கரையும் ஒன்று.

நடைமுறையில் எப்படி?

இந்தியாவின் முதல் சமூகப்பணிக் கல்லூரியை 1936-ல் பம்பாயில் தொடங்கியவரே ஒரு மிஷனரிதான்: கிளிஃபர்ட் மான்ஷார்ட். அதுதான் இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம். எனவே இரண்டையும் சேர்க்கவே முடியாது என்பதில்லை. சில எல்லைகள் வேண்டும், அவ்வளவுதான்:

- நீங்கள் யார், எந்த அமைப்பு என்பதை முதல் நாளே சொல்லுங்கள்.
- களப்பணியின்போது அவராகக் கேட்காமல் ஜெபம் வேண்டாம்.
- ஞானஸ்நானம் கேட்டால், சட்ட விளைவைச் சொல்லிவிட்டு வேறொரு போதகரிடம் அனுப்புங்கள்.
- சர்ச் கணக்கும் திட்டக் கணக்கும் தனித்தனியாக இருக்கட்டும். வெளிநாட்டு நிதி என்றால், எந்த நோக்கத்துக்குப் பதிவு செய்தீர்களோ அதற்கு மட்டுமே செலவு செய்யலாம்.

கடைசியாக, உங்களையே கேட்டுக்கொள்ள ஒரு கேள்வி: "இவர் சர்ச் பக்கமே வர மாட்டேன்னு சொன்னாலும், இவரோட பட்டா மனுவுக்காக நாளைக்குத் தாலுகா ஆபீஸ் போவேனா?" யோசிக்காமல் 'ஆமாம்' என்று வந்தால், இரண்டையும் தாராளமாகச் செய்யலாம்.