"வர்றாங்களாம்!" - கொரிய மொழியிலும் அப்படியே இருக்கு: இடைநிலை வகுப்பில் தமிழர்களுக்கு எது சுலபம், எது கஷ்டம்?

ஸ்ரீபெரும்புதூர்:-

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பஸ்சில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். ஓட்டல், லாட்ஜ் போர்டுகளில் வட்டமும் கோடுமாக ஒரு எழுத்து இருக்கும். அதுதான் கொரிய எழுத்து. 1998-ல் இருங்காட்டுக்கோட்டை ஹுண்டாய் ஆலையில் இருந்து சான்ட்ரோ கார் வெளியே வரத் தொடங்கியதில் இருந்தே கொரியாக்காரர்கள் நமக்குப் பழக்கமாகி விட்டார்கள்.

இப்போது கதை அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கு. செல்போனில் கொரிய டிராமா பார்க்கிற பிள்ளைகள், "கொரியாவுக்கே போய் பல்கலைக்கழகத்தில் மொழி படிக்கிறேன்" என்று வீட்டில் நிற்கிறார்கள். நகையை வைத்தாவது அனுப்பலாமா என்று பெற்றோர் யோசிக்கிறார்கள். பணத்தைக் கட்டும் முன்பு அந்த வகுப்பில் என்னதான் நடக்குது என்று தெரிஞ்சுக்குறது நல்லது.

6 படிகள்

தலைநகர் சியோலில் உள்ள யோன்செய் பல்கலைக்கழகம் 1959-ம் ஆண்டு முதல் வெளிநாட்டுக்காரர்களுக்கு கொரிய மொழி கற்றுக் கொடுக்கிறது. சியோல் தேசிய பல்கலைக்கழகம் உள்பட இன்னும் பல இடங்களிலும் இந்த வகுப்பு இருக்கு. பெரும்பாலும் ஒரே மாதிரிதான். மொத்தம் 6 படிகள். ஒரு படிக்கு 10 வாரம். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் 4 மணி நேரம். ஆக ஒரு படிக்கு 200 மணி நேரம். வருஷத்துக்கு 4 பருவம்.

1, 2-வது படிகள் ஆரம்ப நிலை. எழுத்து ஒரு பிரச்சினையே இல்லை. அடிப்படை எழுத்துக்கள் 24-தான். சேஜோங் என்ற ராஜா உருவாக்கி 1446-ல் நாட்டுக்குக் கொடுத்த எழுத்து இது. கெட்டிக்காரப் பிள்ளைகள் ஒரே வாரத்தில் எழுத்துக்கூட்டிப் படித்து விடுவார்கள். கடையில் சாமான் வாங்கவும், பஸ்சுக்கு வழி கேட்கவும் இந்த 2 படி போதும்.

3, 4-வது படிகள்தான் இடைநிலை. புகுந்து விளையாடிக் கொண்டிருந்தவர்கள் திணற ஆரம்பிப்பதும் இங்கேதான். அதுவரை "நான் சாப்பிட்டேன்", "அவர் வந்தார்" என்று இருந்த வாக்கியங்கள், "நேத்து வந்தவர் சொன்னதைக் கேட்டுட்டுப் போனாராம்" என்கிற மாதிரி நீள ஆரம்பிக்கும். இங்கிலீஷ்காரர்கள் இதைப் பார்த்து விழி பிதுங்குகிறார்கள். நமக்கு இதுதான் தினசரிப் பேச்சு!

அச்சு அசல் நம்ம ஊர் மாதிரி

"நான் நேத்து கடையில வாங்குன புக்கை தம்பிகிட்ட கொடுத்துட்டேன்." இதை கொரிய மொழியில் சொன்னால்: "நேகா ஒஜே காகேஎசொ சான் செகுல் தோங்செங்எகே ஜ்வொ பொர்யொஸ்ஸொயோ".

பிரித்துப் பாருங்க. நேகா என்றால் நான். ஒஜே, நேத்து. காகே என்றால் கடை, அதோடு ஒட்டிக்கொண்ட "எசொ" நம்ம "யில". சான், வாங்குன. செக் என்றால் புத்தகம், "உல்" நம்ம "ஐ". தோங்செங் என்றால் தம்பி அல்லது தங்கை, "எகே" என்பது "கிட்ட". ஒரு வார்த்தை கூட இடம் மாறவில்லை. கடைசியில் உள்ள "பொரிதா"வுக்கு தூக்கி எறிவது என்று அர்த்தம். நாம் "கொடுத்துட்டேன்" என்பதில் "விடு" ஒளிந்திருக்கிற மாதிரி, அவர்கள் "எறி"யை ஒட்ட வைக்கிறார்கள்.

இதே போல இன்னும் இருக்கு. "சாப்பிட்டுப் பாருங்க" என்பதற்கு "மொகொ பொசேயோ". "பொதா" என்றால் பார்ப்பது. சாப்பாட்டைக் கண்ணால் பார்க்கச் சொல்லவில்லை, ருசி பார்க்கச் சொல்கிறோம். அவர்களும் அப்படித்தான். "செஞ்சு கொடுங்க" என்பதற்கு "ஹே ஜுசேயோ". "ஜுதா" என்றால் கொடுப்பது. எழுதி "வை" என்பதற்கும் அதே பாணியில் ஒரு சொல் உண்டு.

3-வது படியில் எல்லோரையும் படுத்துகிற பாடம், ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தரிடம் சொல்வது. சாதாரணப் பேச்சு, கேள்வி, கட்டளை, "போகலாமா" என்கிற அழைப்பு, நான்குக்கும் தனித்தனி முடிவு உண்டு. ஆனால் நாலும் "கோ" என்றுதான் முடியும். நாம் "வர்றேன்னு சொன்னான், வர்றியான்னு கேட்டான், வான்னு சொன்னான், போகலாம்னு சொன்னான்" என்று நாலுக்கும் "ன்னு" போடுகிறோமே, அந்த "ன்னு"தான் "கோ". "வர்றாங்கன்னு சொன்னாங்க" என்பது "ஒன்தாகோ ஹெஸ்ஸொயோ". அதையே சுருக்கி "ஒன்தேயோ" என்றால் "வர்றாங்களாம்"! தெருமுனைப் பேச்சில் நாம் போடுகிற "ஆம்" அங்கேயும் இருக்கிறது. இங்கிலீஷ் வழியாகக் கற்றுக்கொண்டால் இந்த "ஆம்" பிடிபடவே நாளாகும். இதனால்தான் நம்ம பிள்ளைகள் கொரிய இலக்கணத்தை இங்கிலீஷில் மொழிபெயர்த்துப் படிக்காமல் நேரடியாகத் தமிழில் யோசிப்பது மேல்.

அம்மாவை "ஒம்மா", அப்பாவை "ஆப்பா" என்கிறார்களே, தமிழில் இருந்து போனதுதானே என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 1905-லேயே ஹல்பர்ட் என்ற அமெரிக்கர், கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுப் புத்தகம் போட்டார். ஆனால் இரண்டும் ஒரே தாய் மொழியின் பிள்ளைகள் என்பதை மொழி ஆராய்ச்சியாளர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. அதை நம்பி வகுப்புக்குப் போனால் ஏமாற்றம்தான். வாக்கியம் கட்டும் விதம் ஒத்துப்போகுதே தவிர சொற்கள் வேறு.

வழுக்கி விழும் இடங்கள்

முதலாவது உச்சரிப்பு. நெருப்புக்கு ஒரு "புல்", கொம்புக்கு ஒரு "புல்", புல்லுக்கும் ஒரு "புல்"! (கடைசியாகச் சொன்னது தற்செயல்தான்.) கொரியாக்காரர் காதுக்கு மூன்றும் வெவ்வேறு சத்தம். ஒன்று மெதுவாக, ஒன்று அழுத்தமாக, ஒன்று மூச்சை ஊதிச் சொல்ல வேண்டும். நமக்கு இருப்பது ஒரே ஒரு "ப".

இரண்டாவது, சொற்கள். கொரிய அகராதியில் பாதிக்கு மேல் சீனத்தில் இருந்து போன சொற்கள். இடைநிலைப் பாடத்தில் இவை மூட்டை மூட்டையாக வரும். இதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. "ஹாக்" என்றால் கல்வி. பள்ளிக்கூடம் "ஹாக்க்யோ", மாணவர் "ஹாக்செங்", பல்கலைக்கழகம் "தேஹாக்", வெளிநாட்டுப் படிப்பு "யுஹாக்". ஒரு வேரைப் பிடித்தால் பத்து சொல் கிடைக்கும்.

மூன்றாவது மரியாதை. வா, வாங்க நமக்குத் தெரியும். அங்கே வினைச்சொல்லே மாறும். தம்பி தூங்கினால் "ஜாதா". தாத்தா தூங்கினால் "ஜுமுசிதா". மாற்றிச் சொன்னால் முகம் சுருங்கும். பேசுவது போல எழுதவும் கூடாது. நாம் பேசுவது ஒரு தமிழ், பரீட்சையில் எழுதுவது ஒரு தமிழ் இல்லையா? அதே கதைதான். பேச்சில் "யோ" என்று முடிப்பதை கட்டுரையில் "தா" என்று முடிக்க வேண்டும். கலந்து எழுதினால் மார்க் போச்சு.

பரீட்சை எப்படி?

வகுப்பில் தேறினால் மட்டும் போதாது. "டோபிக்" என்று கொரிய அரசு நடத்தும் தேர்வு தனியாக உண்டு. இடைநிலைக்கு எழுத வேண்டியது அதன் 2-வது தாள். கேட்பது 50 கேள்வி, படிப்பது 50 கேள்வி, எழுதுவது 4 கேள்வி. மொத்தம் 300 மார்க். 120 எடுத்தால் 3-ம் நிலை, 150 எடுத்தால் 4-ம் நிலை. எழுதுவதில் கடைசிக் கேள்விக்கு மட்டும் 50 மார்க். 600 முதல் 700 எழுத்துக்குள் கட்டுரை எழுத வேண்டும். நிறைய பேர் அந்தப் பக்கத்தை காலியாக விட்டு வருகிறார்கள். அரைகுறையாக எழுதினாலும் சில மார்க் தேறும், விடக்கூடாது.

பட்டப்படிப்பில் சேர பல பல்கலைக்கழகங்கள் 3-ம் நிலையைக் கேட்கின்றன. அதனால்தான் இடைநிலைக்கு இவ்வளவு மவுசு.

பணம் எவ்வளவு? வேலை உண்டா?

சியோலின் பெரிய பல்கலைக்கழகங்களில் ஒரு படிக்கு 17 லட்சம் வானுக்கு மேல் கட்டணம். நம்ம பணத்தில் 1 லட்சம் ரூபாயைத் தாண்டும். ஒன்றும் தெரியாமல் போய் 4-வது படி முடிக்க ஒரு வருஷம், 4 லட்சத்துக்கு மேல். ரூம் வாடகை, சாப்பாடு, விமான டிக்கெட் தனி. வெளியூர் பல்கலைக்கழகங்களில் குறைவு. பெயிலானால் அதே படியை மறுபடி பணம் கட்டிப் படிக்க வேண்டும். வருகைப் பதிவு 80 சதவீதம் இல்லாவிட்டால் தேர்ச்சி இல்லை என்பதே பல இடங்களில் சட்டம். லீவு போட்டால் விசா நீட்டிப்பிலும் கை வைப்பார்கள்.

"படிச்சுக்கிட்டே சம்பாதிக்கலாம்" என்று ஆசை காட்டும் புரோக்கர்களிடம் உஷார். மொழி படிக்கும் விசாவில் முதல் 6 மாதம் பகுதி நேர வேலைக்கு அனுமதி கிடையாது. பிறகும் அனுமதி வாங்கித்தான், குறிப்பிட்ட மணி நேரம்தான். கொரிய தொழிற்சாலை வேலைக்கு அரசே ஆள் எடுக்கும் திட்டம் ஒன்று இருப்பது உண்மை. இலங்கை, நேபாளம், வங்கதேசம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இந்தியா இல்லை. அந்தத் திட்டத்தில் அனுப்புகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் அது பொய்.

காசில்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கு. கொரிய அரசின் உதவித்தொகைக்கு இந்திய மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். விமான டிக்கெட், கட்டணம், மாதச் செலவு எல்லாம் அவர்களே தருவார்கள். முதலில் ஒரு வருஷம் மொழி வகுப்பு. அதற்குள் டோபிக்கில் 3-ம் நிலை எட்டினால்தான் பட்டப்படிப்புக்கு அனுப்புவார்கள். போட்டி கடுமை, பிளஸ்-2 மார்க் நன்றாக இருக்க வேண்டும்.

சென்னையில் 2006-ல் தொடங்கிய இன்கோ மையத்திலும் கொரிய வகுப்பு உண்டு. ஆரம்ப நிலையை இங்கேயே முடித்து விட்டுப் போனால், அங்கே நுழைவுத் தேர்வு வைத்து நேராக 3-வது படியில் உட்கார வைப்பார்கள். 2 படிக்கான பணமும் 5 மாதமும் மிச்சம். டோபிக் சான்றிதழ் 2 வருஷம்தான் செல்லும் என்பதால், விண்ணப்பிக்கிற வருஷத்தைப் பார்த்துப் பரீட்சை எழுதுங்க.