கண்டெய்னர் ரயிலுக்கு எந்த வேகன்? காசு கட்டுறதுக்கு முன்னாடி ஒரு ஸ்கேல் எடுங்க

(எபிசோடில் பேசியதை வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

போன வாரம் ஒரு நேயர் மெயில் போட்டிருந்தார். முதல் போனஸ் வந்திருக்கு, எச்.ஓ. ஸ்கேல்ல பொன்னேரி ஸ்டேஷன் மாதிரி ஒரு லேஅவுட் செய்யணும், அதுல ஒரு கண்டெய்னர் ரயில் ஓடணும், அமெரிக்க டபுள் ஸ்டாக் செட் ஒண்ணு கார்ட்ல இருக்கு, வாங்கலாமா என்று கேட்டிருந்தார். "ரெண்டு நாள் பொறுங்க" என்று மட்டும் பதில் போட்டேன். ஏன் பொறுக்கணும் என்பதுதான் இன்றைக்குப் பேச்சு. அதே தப்பை நான் முழுசா செஞ்சு முடிச்சவன், அதனால சொல்ற உரிமை இருக்கு.

எனக்கு ஊர் பழவேற்காடு பக்கம், ஏரிக்கரைக் குப்பம். எங்களுக்கு ரயில் பார்க்கணும்னா பஸ் பிடிச்சு பொன்னேரிக்குப் போகணும். இன்ஜினியரிங் படிச்ச நாலு வருஷமும் சென்னை–கூடூர் பாதையில லோக்கலுக்காக நின்ன நேரத்துல சரக்கு ரயில்களை எண்ணுறதுதான் வேலை. கண்டெய்னர் ரயில் வந்தா பெரும்பாலும் 45 வேகன். அந்த எண்ணிக்கை அப்பவே மனசுல பதிஞ்சது. ஆனா வேகனைப் பார்க்கல, மேல இருக்கிற பெட்டியைத்தான் பார்த்திருக்கேன். அதுதான் பின்னாடி காசைத் தின்னது.

வேலைக்குப் போன இரண்டாவது வருஷம் அமெரிக்க செட் வாங்கினேன். வெல் கார் என்பார்கள். நடுவில் தொட்டி மாதிரி பள்ளம், அதுக்குள்ள ஒரு பெட்டி, அதுக்கு மேல இன்னொரு பெட்டி. பார்க்கப் பிரமாதமா இருக்கும். பொன்னேரி ஸ்டேஷனுக்கு மின்கம்பியும் போட்டு வைத்திருந்தேன். கம்பிக்கு எங்க நைனா வலையிலிருந்து வெட்டின நரம்பு. தண்டவாளத்திலிருந்து 63 மி.மீ. உயரம். நிஜத்தில் கம்பி சுமார் 5.5 மீட்டர் உயரத்தில் இருக்கும், 87ஆல் வகுத்தா 63. கணக்கெல்லாம் சரிதான். அமெரிக்காவில் இரண்டு உயரப் பெட்டிகள் ஏற்றின வெல் கார் 20 அடி 2 அங்குலம் வரை போகும், அதாவது 6.15 மீட்டர். மாடலில் 71 மி.மீ. அந்த ஒரு கணக்கை மட்டும் போடல. முதல் ஓட்டத்திலேயே நரம்பு மாட்டி, வரிசையா ஆறு கம்பம் சாய்ஞ்சது. நைனா பக்கத்துல உட்கார்ந்து வலை தைச்சுக்கிட்டிருந்தார். "எடுத்த நரம்பைத் திருப்பிக் குடுடா"ன்னார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தியாவில் டபுள் ஸ்டாக் இல்லையா? இருக்கு. 2006லேயே பிபாவாவ் துறைமுகத்திலிருந்து டீசல் இன்ஜினோட ஓட ஆரம்பிச்சாச்சு. 2021 ஜனவரியில் மேற்கு சரக்குப் பாதையில் மின்சார இன்ஜின் இழுக்கிற ஒன்றரை கிலோமீட்டர் நீள டபுள் ஸ்டாக் ரயிலையே விட்டார்கள். ஆனா அங்கே கம்பி 7 மீட்டருக்கும் மேல. நம்ம பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் அந்த உயரம் கிடையாது. ஆக, உங்க லேஅவுட் குஜராத், ராஜஸ்தான் பக்கம்னா டபுள் ஸ்டாக் போடுங்க, பொன்னேரின்னா ஒரே அடுக்கு. இன்னொண்ணு, அங்கே ஓடுற டபுள் ஸ்டாக் கூட வெல் கார் இல்லை. நம்ம அகலப் பாதையில் தட்டை வேகன் மேலேயே இரண்டு அடுக்கு வைக்கிறார்கள்.

அந்தத் தட்டை வேகனுக்குப் பேர் பி.எல்.சி. இன்றைக்கு நீங்க பொன்னேரியில நின்னா அதிகம் பார்ப்பது இதைத்தான். இதுக்கு முன்னாடி இருந்த பி.எஃப்.கே. வகைகள் பழைய காலத்து லேஅவுட்டுக்கு. பி.எல்.சி.யின் தளம் தண்டவாளத்திலிருந்து 1009 மி.மீ. உயரம்தான். இவ்வளவு தாழ்வா இருக்கணும்னா சக்கரம் சின்னதா இருக்கணும், அதனால 840 மி.மீ. சக்கரம். இங்கதான் மாடல்காரங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். அமெரிக்க 33 அங்குலச் சக்கரம் 838 மி.மீ. எச்.ஓ.வில் 33 அங்குல உலோகச் சக்கரம் எல்லாக் கடையிலும் கிடைக்கும். அப்படியே போட்டுக்கலாம்.

ஒரு பி.எல்.சி.யில் ஒரு 40 அடி பெட்டி, இல்லேன்னா இரண்டு 20 அடி பெட்டி. 61 டன் ஏற்றும். 20 அடி பெட்டியின் அதிகபட்ச மொத்த எடை 30.48 டன், இரண்டு வைத்தா 60.96. எந்த மகராசன் கணக்குப் போட்டானோ, மிச்சமே இல்லை.

அடுத்தது ரொம்ப முக்கியம்: ஐந்து ஐந்தாகத்தான் வாங்கணும். பி.எல்.சி. தனி வேகனா ஓடுறதில்லை. இரண்டு ஓரத்திலும் ஏ வகை, நடுவில் மூணு பி வகை. உள்ளே நிரந்தரக் கம்பிப் பிணைப்பு, ஓரங்களில் மட்டும்தான் கப்ளர். ஒன்பது தொகுதி சேர்ந்தா 45 வேகன். மாடலிலும் அப்படியே செய்யலாம். நடுவில் ஒரு சின்னக் கம்பித் துண்டு, ஓரங்களில் மட்டும் கேடீ மாதிரி நக்கிள் கப்ளர். நம்ம ரயில்வே கப்ளரும் அந்தக் கை மடக்கின வடிவம்தான், அதனால பொருந்திப் போகும். ஐந்து வேகனுக்குப் பத்து கப்ளர் வாங்கற இடத்தில் இரண்டு போதும். இந்த மிச்சத்துல சக்கரம் வாங்கிடலாம்.

ஒரு வேகன் மாடலில் 155 மி.மீ. பக்கம் வரும். ஐந்து சேர்ந்தா 78 செ.மீ. முழு ரயிலும் வேணும்னா 7 மீட்டர், எங்க வீட்டையே தாண்டிடும். பத்து வேகன் போதும், கண்ணுக்கு நிறைவா இருக்கும். வளைவு விஷயத்திலும் இது நல்லது. வேகன் நீளத்தைப் போல மூணு மடங்கு ஆரம் இருந்தா நல்லாத் திரும்பும் என்று ஒரு பழக்கக் கணக்கு. பி.எல்.சி.க்கு 465 மி.மீ. வரும், ஏறக்குறைய 18 அங்குல வளைவு, கட்டில் அளவு பலகையிலேயே அடங்கும். ஐரோப்பாவின் எஸ்.ஜி.என்.எஸ். வேகன் 19.74 மீட்டர், மாடலில் 227 மி.மீ. விலை குறைவா கிடைக்குதுன்னு வாங்கிடாதீங்க, சின்ன வளைவில் பெட்டி மூலை வெளியே துருத்திக்கிட்டு நிக்கும்.

அப்போ பி.எல்.சி. மாடலுக்கு எங்கே போவது? பெரிய கம்பெனி பாக்கெட்டில் தேடிக்கிட்டு இருக்காதீங்க. நம்ம ஊரிலேயே 3டி பிரிண்ட் செய்து தர்றவர்கள் இருக்கிறார்கள், நானும் அப்படித்தான் முடித்தேன். தளம், போகி சட்டம் இரண்டும் பிரிண்ட், சக்கரமும் கப்ளரும் வெளியே வாங்கினது. பிரிண்ட் வேகனின் வியாதி, எடை இருக்காது. அமெரிக்க மாடல் சங்கத்தின் பரிந்துரை, எச்.ஓ.வில் 1 அவுன்ஸ், கூட ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். 6 அங்குல வேகனுக்கு 4 அவுன்ஸ், 113 கிராம். வேகனுக்கு அடியில் இடமே இல்லை, அதனால பெட்டிக்குள்ள எடை வைக்கத் தோணும். வைக்கலாம், ஆனா அடியில் ஒட்டணும். மேல ஏறினா வளைவில் சாய்ஞ்சிடும். நான் பயன்படுத்தினது வலைக்குக் கட்டுற ஈயக் குண்டு, சுத்தியால தட்டித் தட்டையாக்கி ஒட்டினேன். கையைக் கழுவிட்டுச் சாப்பிடுங்க, ஈயம்.

பெட்டி வாங்கும்போது "ஓ.ஓ./எச்.ஓ." என்று போட்டிருந்தா ஸ்கேல் எடுங்க. தண்டவாளம் ரெண்டுக்கும் 16.5 மி.மீ.தான், ஆனா பிரிட்டிஷ் ஓ.ஓ. 1:76. எச்.ஓ.வில் 40 அடி பெட்டி 140 மி.மீ., ஓ.ஓ.வில் 160. இருபது மி.மீ. கூடினா பி.எல்.சி. தளத்தைத் தாண்டி நிக்கும். தண்டவாளம் பத்தி ஒரு உண்மையும் சொல்லிடறேன்: நம்ம 1676 மி.மீ. அகலப் பாதைக்கு 19.3 மி.மீ. வரணும். 16.5ல ஓட்டினா ரயில் கொஞ்சம் ஒல்லிக்கால்ல நிக்கிற மாதிரி இருக்கும். பக்கவாட்டில் பார்க்கிறவங்களுக்குத் தெரியாது. நான் விட்டுட்டேன், நீங்களும் விட்டுடலாம்.

பெட்டி நிறத்துல வருஷம் தெரியும். அந்த அடர் ரோஸ் நிற ஓ.என்.இ. பெட்டி வைத்தா உங்க லேஅவுட் 2018க்குப் பிறகுதான். ஹான்ஜின் கம்பெனி 2016லேயே விழுந்துடுச்சு. பளபளன்னு புதுசா வைக்காதீங்க. துரு எப்படிப் பிடிக்கும், எந்த மூலையில் ஆரம்பிக்கும்னு எங்க ஊர்ப் பிள்ளைங்களுக்குச் சொல்லவே வேணாம். பித்தளைத் தண்டவாளம் இங்கே உப்புக்காத்துல சீக்கிரமே கறுத்துடும். நிக்கல் சில்வர் போடுங்க.

கடைசியா ஒரு வெள்ளைப் பெட்டி. ரீஃபர், குளிர்சாதனப் பெட்டி, ஒரு முனையில் மெஷின் இருக்கும். நைனா ஒருநாள் மேசைக்கிட்ட வந்து, "நம்ம எறாலு எந்தப் பெட்டியில போவுது?"ன்னு கேட்டார். நாற்பது வருஷமா ஏரியில இறால் பிடிக்கிறார், கரையில எடை போட்டதோட அவருக்கு அது முடிஞ்சுபோச்சு. ராத்திரியில காட்டுப்பள்ளி கிரேன் விளக்கு தெரியும், அவ்வளவுதான். வெள்ளைப் பெட்டியைக் காட்டினேன். கதவைத் திறந்து பார்த்தார், உள்ளே அவருடைய ஈயக் குண்டு. சிரிச்சுட்டு மூடி வெச்சார்.

நேயருக்குப் பதில்: கார்ட்டைக் காலி பண்ணுங்க. முதல்ல ஒரே ஒரு ஐந்து வேகன் தொகுதி, இருபது உலோக அச்சு, இரண்டு கப்ளர், நாலு 40 அடி, இரண்டு 20 அடி. அது உங்க வளைவுல பின்னோக்கித் தள்ளினாலும் தடம் புரளாம வந்தா, அடுத்த தொகுதிக்கு ஆர்டர் போடுங்க. என் அமெரிக்க செட் இன்னும் அட்டைப்பெட்டியிலதான் இருக்கு. கம்பி இல்லாத லேஅவுட் யாராவது செய்றீங்கன்னா மெயில் பண்ணுங்க, பாதி விலைக்குத் தர்றேன்.