கரியின் பயணமும் மாணவரின் விளக்கமும்: அம்பாறைக் கரையோரத்திலிருந்து ஒரு நோக்கு

பரீட்சையில் ஒரு மாணவன் பெறும் புள்ளிகளை அவனது அறிவின் அளவாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. விடை சரியாயின் விளக்கமும் உண்டு என்றே ஆசிரியரும் பெற்றோரும் கருதுகின்றனர். ஆயின், கற்றதைத் திருப்பிச் சொல்லுதலும் கற்றதைக் கொண்டு உலகை நோக்குதலும் வெவ்வேறானவை. இவ்வேறுபாடு எல்லாப் பாடங்களுக்கும் பொதுவானதே. எனினும், காலநிலை மாற்றம், காபன் வட்டம் ஆகியவற்றைக் கற்பிக்குமிடத்து அது கல்வியியற் பிரச்சினையாக மட்டும் நின்றுவிடுவதில்லை. சமூகப் பிரச்சினையாகவும் வடிவெடுக்கின்றது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என நீளும் அம்பாறைக் கரையோர ஊர்களின் வகுப்பறைகளை மனங்கொண்டு இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கிய மாணவன் ஒருவனுக்கு இதில் என்ன அலுவல் என்று கேட்கப்படலாம். விஞ்ஞானமும் மொழியின் வாயிலாகவே கற்கப்படுகின்றது என்பது ஒரு விடை. இன்னொரு விடை சொந்த அனுபவத்தைச் சார்ந்தது. பாடசாலை நாட்களில் காபன் வட்டத்தின் படத்தை இக்கட்டுரையாளன் பலமுறை வரைந்து முழுப்புள்ளிகளும் பெற்றதுண்டு. அப்படத்திலிருந்த அம்புக்குறிகளுக்கும் வீட்டின் பின்புறத்து வைக்கோற் போருக்கும் ஏதேனும் தொடர்பு உண்டு என்ற எண்ணம் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே தோன்றியது.

சொற்களும் பொருள்களும்

முதலிற் கலைச்சொற்களை நோக்குவோம். காலநிலை என்பது நீண்ட காலத்துச் சராசரி. வானிலை என்பது அன்றன்றைய நிலை. பாடநூல் இவ்வாறு பிரித்துரைக்கும். சந்தையிலோ, மழை இருட்டினால் ‘இன்றைக்குக் காலநிலை சரியில்லை’ என்றே பேசிக்கொள்கிறோம். இவ்வழக்கிற் பழகிய பிள்ளைக்குக் காலநிலை மாற்றம் என்பது காலையில் எறித்த வெயில் மாலையில் மழையாவதையே குறிக்கக்கூடும். வரைவிலக்கணத்தை மனனஞ் செய்தபின்னும் இப்பொருள் உள்ளத்தின் அடியில் அப்படியே தங்கியிருக்கும்.

‘காபன்’ என்ற சொல்லும் இத்தகையதே. அதன் மூலமான இலத்தீன் சொல்லின் பொருள் கரி என்பதாகும். ‘கரியமில வாயு’ என்ற பழைய வழக்கில் அடுப்புக் கரிக்கும் வாயுவுக்கும் உள்ள உறவு சொல்லிலேயே துலங்கிற்று. இலங்கைப் பாடநூல்களின் ‘காபனீரொட்சைட்டு’ திட்பமான சொல். மூலகங்களின் விகிதத்தையும் சுட்டுவது. ஆனால் அதைக் கேட்கும் பிள்ளைக்கு அடுப்பங்கரை நினைவுக்கு வருவதில்லை. சொல்லை மாற்றவேண்டும் என்பது எமது வாதமன்று. சொல் அறுத்துவிட்ட உறவை ஆசிரியர் மீண்டும் நிறுவவேண்டும் என்பதே இங்கு வற்புறுத்தப்படுகின்றது.

நெற்பயிரின் உடல் எங்கிருந்து வந்தது?

விளக்கத்தைச் சோதிக்கும் வினா எத்தகையதாய் இருத்தல் வேண்டும்? ‘ஒளித்தொகுப்பை வரையறுக்க’ என்பது நினைவாற்றலையே சோதிக்கும். அதற்குப் பதிலாக, ஒரு பிடி விதைநெல்லையும் அதிலிருந்து விளைந்த ஒரு கட்டு வைக்கோலையும் முன்வைத்து, ‘இவ்வளவு பாரமும் எங்கிருந்து வந்தது?’ என்று கேட்கலாம். மண்ணிலிருந்து, உரத்திலிருந்து, நீரிலிருந்து என்னும் விடைகளை எதிர்பார்க்கலாம். காற்றிலிருந்து என்ற விடை அரிதாகவே கிடைக்கும். பல நாடுகளில் உயர்கல்வி பெற்றோரும் இவ்வினாவில் தடுமாறியுள்ளனர்.

இத்தவற்றுக்கு மதிப்பான வரலாறு ஒன்று உண்டு. பெல்ஜிய நாட்டு அறிஞரான வான் ஹெல்மொன்ற், நிறுத்தெடுத்த மண்ணில் வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டு ஐந்தாண்டுகள் நீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரம் ஏறத்தாழ 164 இறாத்தல் கூடியது. மண் இழந்தது ஏறத்தாழ 2 அவுன்சு மாத்திரமே. மரத்தின் உடல் மண்ணிலிருந்து வரவில்லை என அவர் சரியாகவே கண்டார்; அது முழுவதும் நீரிலிருந்து வந்தது எனத் தவறாக முடிவு செய்தார். அவர் இறந்தபின், 1648 இல், இச்சோதனை நூலில் வெளிவந்தது. கரி எரியும்போது எழும் வாயுவைத் தனியொரு பொருளாக இனங்கண்டவரும் அவரே என்பது வியப்புக்குரியது. விடை அவர் கையிலேயே இருந்தது. இரண்டையும் இணைத்து நோக்க மட்டும் அவரால் இயலவில்லை. நம் மாணவரின் நிலையும் பெரும்பாலும் இதுவே.

உலர்ந்த வைக்கோலில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு காபன். அது முழுவதும் வளியிலுள்ள காபனீரொட்சைட்டிலிருந்து இலைகள் பெற்றுக்கொண்டது. வைக்கோலை எரித்தால் காபன் மீண்டும் வளியிற் கலக்கும். எஞ்சும் சாம்பல் மண் தந்த கனியுப்புகளாகும். மண் தந்த நைதரசன் பெரும்பாலும் புகையோடு போய்விடும். கரைவாகு வட்டையில் அறுவடைக்குப்பின் தீ மூட்டப்படும் வயலைக் கண்ட பிள்ளைக்கு இதனினும் சிறந்த பாடம் வேறில்லை.

மண் தருவது அளவிற் சிறிதாயினும் இன்றியமையாதது என்பதையும் இதனோடு சேர்த்து உணர்த்தவேண்டும். 2021 ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது இக்கரையோர விவசாயிகள் பட்ட இடர் இதற்குச் சான்றாகும். அவ்வாண்டு நவம்பரிலே தடை நீக்கப்பட்டது. எனினும் பெரும்போக விளைச்சல் நாடெங்கும் கடுமையாக வீழ்ந்தது. காபனைப் பயிர் காற்றிலிருந்து தானே பெறும்; நைதரசனை மண்ணிலேயே தேடும். சேதனப் பசளையாலும் நைதரசன் தரமுடியும். ஆயின் போதிய அளவில், உரிய வேளையில் அது கிடைத்தாக வேண்டும். இச்சிறு வேறுபாட்டை அறிந்த சமுதாயம் அத்தீர்மானத்தை அன்றே கேள்விக்குள்ளாக்கியிருக்கும்.

இரண்டு புகைகள்

அடுத்த வினா: வைக்கோல் எரியும் புகை, அறுவடை இயந்திரம் கக்கும் டீசற் புகை ஆகிய இரண்டிலும் காபனீரொட்சைட்டு உண்டு. வளிமண்டலத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றா?

மூலக்கூற்றளவில் இரண்டும் ஒன்றே, வரலாற்றளவில் ஒன்றல்ல. வைக்கோலின் காபன் அப்போகத்திலேயே காற்றிலிருந்து எடுக்கப்பட்டது. அடுத்த போகத்துப் பயிர் அவ்வளவை மீண்டும் எடுத்துக்கொள்ளும். டீசலின் காபனோ பல கோடி ஆண்டுகளுக்கு முன் உயிர்களின் உடலாயிருந்து நிலத்தடியிற் புதைந்தது. நுரைச்சோலையில் எரிக்கப்படும் இறக்குமதி நிலக்கரியும் அவ்வாறே. அவை எரியும்போது சுழற்சியிலில்லாத காபன் புதிதாகச் சுழற்சியுட் புகுகின்றது. கைத்தொழிற் புரட்சிக்கு முன் வளியின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காயிருந்த காபனீரொட்சைட்டு, ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் 1958 இல் தொடர் அளவீடு தொடங்கியபோது 315 ஐ எட்டியிருந்தது. 2024 இல் 420 ஐத் தாண்டிவிட்டது.

தேர்ந்த மாணவன் இவ்விடத்தில் மறுவினா தொடுக்கலாம்: வைக்கோல் நீர் நின்ற சேற்றில் அமிழ்ந்து அழுகினால் என்னாகும்? அங்கு ஒட்சிசன் இன்மையால் நுண்ணுயிர்கள் மெதேனை வெளிவிடும். அது காபனீரொட்சைட்டினும் பன்மடங்கு வலிமையாக வெப்பத்தைத் தடுப்பது. ஆயினும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளிற் பெரும்பாலும் அழிந்துவிடுவது. இத்தகைய மறுவினா எழுமாயின் விளக்கம் பிறந்துவிட்டது என்று கொள்ளலாம்.

குளமும் வான்கதவும்

காபன் ‘வட்டம்’ என்ற உருவகமே ஒரு மயக்கத்துக்கு இடமளிக்கின்றது. வட்டம் என்றதும் எல்லாம் தாமாகவே சமனாகும் என்ற எண்ணம் எழுகின்றது. குளம் என்ற உருவகம் இதனினும் பொருத்தமானது. மாரியில் ஒரு குளத்துக்கு வரும் நீர், வான்கதவுகளால் வெளியேறும் நீரைப்போல் இருமடங்கு என்று கொள்வோம். வரத்து மேலும் கூடாமல் அதே அளவில் நின்றால் நீர்மட்டம் நிற்குமா? நில்லாது, தொடர்ந்து ஏறும். மனிதர் வெளிவிடும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ அரைவாசியைக் கடலும் நிலத்துத் தாவரங்களும் ஏற்கின்றன. எஞ்சியது வளியிலே தங்குகின்றது. எனவே வெளிவிடுகை கூடாமல் நிற்பது போதாது. அது பெரிதும் குறைந்தாக வேண்டும். அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்துப் பட்டமேற்படிப்பு மாணவரிடையே ஸ்ரேமன், பூத் சுவீனி ஆகியோர் இத்தகைய வினாவைக் கேட்டு 2007 இல் வெளியிட்ட ஆய்வில், மிகப் பெரும்பாலானோர் தவறியமை காட்டப்பட்டுள்ளது. குளத்து நீரை நம்பி வாழும் விவசாயியின் பிள்ளை அவர்களினும் எளிதில் இதனைப் பற்றிக்கொள்ளும் வாய்ப்புண்டு.

கடல் ஏன் கரையை விழுங்குகிறது?

இறுதி வினாவே மிக முக்கியமானது. இக்கரையோரத்து மாந்தர் கடலின் கொடுமையை நேரிற் கண்டவர்கள். 1978 நவம்பரில் வீசிய சூறாவளியை முதியோர் இன்னும் பேசுவர். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 நவம்பர் 26 ஆம் திகதி, காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் உழவு இயந்திரமொன்றை அடித்துச் சென்றதில் மத்ரஸா மாணவர்கள் உயிரிழந்தனர். ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் அரித்துவருகின்றது. இவற்றுள் எது காலநிலை மாற்றத்தின் விளைவு?

எல்லாம் என்று கூறும் மாணவன் சொல்லை அறிந்திருக்கிறான், பொருளை அறியவில்லை. சுனாமி சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிகழ்ந்த பூமியதிர்ச்சியால் எழுந்தது. வளியின் காபனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒரு சூறாவளியை அல்லது ஒரு வெள்ளத்தை மட்டும் சுட்டி அது காலநிலை மாற்றத்தால் நேர்ந்தது என எளிதிற் கூறவியலாது. எனினும் வளி வெப்பமுறும்போது அது தாங்கும் நீராவி கூடுவதால், பெருமழைகள் மேலும் கனக்கும் என்பது உறுதி. வீதியின் உயரம், பாலத்தின் அகலம், அன்றைய எச்சரிக்கை ஆகியனவும் வெள்ளத்தின் விளைவைத் தீர்மானிக்கின்றன.

ஒலுவிலின் கதை வேறு. அங்கு துறைமுகக் கட்டுமானம் 2008 இல் தொடங்கியது. துறைமுகம் 2013 இல் திறக்கப்பட்டது. கரையோரமாக நகர்ந்து செல்லும் மணலை அலைதடுப்புச் சுவர்கள் மறித்தன. மணல் துறைமுக வாயிலை அடைத்தது. அம்மணலைப் பெறாத வடபுறக் கரை அரிப்புண்டது. உலகக் கடல்மட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 4 மில்லிமீற்றரே உயர்கின்றது. துறைமுகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும், சில ஆண்டுகளுக்குள், தென்னந்தோப்புகளைக் கடல் கொண்டுபோனமைக்கு அதனை முதற்காரணமாகக் கொள்ளவியலாது. வருங்காலத்தில் அது இவ்வரிப்பைக் கடுமையாக்கும் என்பது வேறு விடயம்.

இவ்வேறுபாட்டை அறியாதவிடத்துக் காலநிலை மாற்றம் என்ற சொல் எல்லோருக்கும் வசதியான மறைப்பாகிவிடுகின்றது. திட்டமிட்டோர் தப்பித்துக்கொள்வர், தோணியையும் வாடியையும் இழந்த மீனவன் இயற்கையை நொந்துகொள்வான். இதன் மறுபக்கமும் உண்டு. ‘மனிதகுலமே பூமியைச் சூடாக்கியது’ என்று பொதுப்படக் கற்பிக்கும்போது, ஆண்டுக்குத் தலைக்கு ஏறத்தாழ 1 தொன் காபனீரொட்சைட்டை வெளிவிடும் இலங்கையின் பிள்ளையும், தலைக்கு ஏறத்தாழ 14 தொன் வெளிவிடும் ஐக்கிய அமெரிக்காவின் முதலாளியும் சமபங்காளிகள் ஆக்கப்படுகின்றனர். மண்ணுக்கும் மனிதனுக்கும் இடையிலான பொருட்பரிமாற்றத்தை முதலாளித்துவ வேளாண்மை குலைப்பதை, லீபிக்கின் வேளாண் இரசாயன ஆய்வுகளைக் கற்று, மார்க்ஸ் 1867 இல் ‘மூலதனம்’ நூலில் எடுத்துக்காட்டினார். அவர் மண்ணில் கண்ட பிளவையே நாம் இன்று வளிமண்டலத்தில் காண்கிறோம்.

ஆசிரியர் செய்யத்தக்கவை

பாடத்தைத் தொடங்குமுன் இத்தகைய வினாக்களைக் கேட்டு, விடைகளைத் திருத்தாமல் எழுதி வைத்தல் வேண்டும். தவறான விடை தண்டனைக்குரியதன்று. மாணவன் உலகை எவ்வாறு விளங்கியுள்ளான் என்பதற்கு அதுவே சான்று. ‘எப்படித் தெரியும்?’ என்ற வினா ஒவ்வொரு விடையையும் தொடர்தல் வேண்டும். சரியான விடையையும் விட்டுவைக்கலாகாது. பாடம் முடிந்தபின் அதே கருத்தை வேறொரு பொருளில் வைத்துச் சோதித்தல் வேண்டும்: வைக்கோலுக்குப் பதில் தென்னை மட்டை, குளத்துக்குப் பதில் உப்பளம். இடமாறியும் நிலைக்கும் அறிவே விளக்கமாகும்.

பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ பிரேயர், மாணவரின் தலையில் செய்திகளை வைப்பிலிடும் கல்வியை வங்கிமுறைக் கல்வி எனக் கண்டித்தார். நமது பரீட்சை முறை இன்றும் அவ்வைப்பை எண்ணிப் பார்ப்பதிலேயே நிறைவடைகின்றது. தன் வயலின் வைக்கோல் காற்றாலானது என்பதையும், தன் ஊரின் கரை எதனால் அரிக்கப்படுகின்றது என்பதையும் ஆதாரத்தோடு சொல்லக்கூடிய மாணவனை ஏமாற்றுதல் எளிதன்று. காபன் வட்டத்தைக் கற்பிப்பதன் பயன் இதுவாகவே இருத்தல் வேண்டும்.